காணொலிக் கூட்டமும் கடை மரியாதையும்



வியாபாரம் என்பது முகம் பார்த்துச் செய்கிற தொழில். சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, விலையைப் பேசி முடிப்பது நம் வழக்கம். அந்த முகம் இப்போது கைபேசித் திரைக்குள் வந்துவிட்டது. 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது வேறு வழியின்றிப் பழகிக்கொண்ட காணொலிக் கூட்டம், ஊரடங்கு போன பிறகும் போகவில்லை. கம்பெனிக்காரர்கள் புதிய ஸ்கீமைச் சொல்வது காணொலியில்; ஆடிட்டர் கணக்குக் கேட்பது காணொலியில்; வரி அலுவலகத்தில் நேர்முக விசாரணை காணொலியில்; சங்கத்தின் அவசரக் கூட்டமும் காணொலியில் என்று ஆகிவிட்டது.

இதில் நமக்கு நன்மை உண்டு. முன்பெல்லாம் மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்டம் என்றால் காலையில் பஸ் ஏறி இரவில் திரும்புவோம். ஒரு நாள் வியாபாரம் போகும். இப்போது கடையை விட்டு இறங்காமலே கூட்டத்தில் உட்காரலாம். ஆனால் இந்த வசதியே ஒரு கெட்ட பழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே நடப்பதால் அதைக் கூட்டமென்றே நாம் நினைப்பதில்லை. ஒரு கை துவரம் பருப்பை நிறுக்கிறது. ஒரு கை போனைப் பிடித்திருக்கிறது. ஒரு காது வாடிக்கையாளரிடம், ஒரு காது கூட்டத்தில். இதனால் வருகிற நட்டத்தையும், அதைத் தவிர்க்கும் முறைகளையும் பற்றி நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

அரைக் காதும் முழு நட்டமும்

நோட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் ஏதேனும் ஓர் எண்ணைச் சொன்னால் என்ன ஆகிறது? எண்ணிய கணக்கு போய்விடுகிறது. மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறோம். மனம் ஒரு நேரத்தில் ஒரு கணக்கைத்தான் வைத்துக்கொள்ளும் என்பது கல்லாவில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். நோட்டுக்கட்டை மறுபடி எண்ணலாம். கூட்டத்தில் தவறவிட்ட வார்த்தையை மறுபடி எண்ண முடியாது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 12 பெட்டிக்கு 1 பெட்டி இலவசம் என்று கம்பெனி ஸ்கீம் அறிவிக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் பில் போட வேண்டும் என்று கூட்டத்தில் சொல்கிறார்கள். நெட் ஒரு கணம் விட்டுப்போய், 'ஐந்தாம் தேதி' என்ற பகுதி மட்டும் காதில் விழுகிறது. கேட்டவர் கடையில் வேலையாக இருந்ததால் அதை இருபத்தைந்து என்று எடுத்துக்கொண்டு, 20ஆம் தேதி 60 பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கிறார். 5 இலவசப் பெட்டி போயிற்று. பெட்டி 1,440 ரூபாய் என்றால் 7,200 ரூபாய். மளிகைக் கடையில் 7,200 ரூபாய் லாபம் பார்க்க எத்தனை மூட்டை அரிசி விற்க வேண்டும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

2025 செப்டம்பரில் இதைவிடப் பெரிய பாடம் கிடைத்தது. ஜி.எஸ்.டி. கவுன்சில் 3ஆம் தேதி கூடி வரி விகிதங்களை மாற்றியது. 22ஆம் தேதி முதல் அமல். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைமுடி எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய், வெண்ணெய் ஆகியவை 12லிருந்து 5க்கு வந்தன. இடையில் மூன்று வாரம் கூட இல்லை. பழைய விலை அச்சிட்ட சரக்கு அலமாரியில் நிற்கிறது. இருப்புக் கணக்கை எந்தத் தேதிக்கு எடுப்பது, எந்தப் படிவத்தில் அனுப்புவது, வித்தியாசத்துக்குக் கிரெடிட் நோட்டு வருமா, எத்தனை நாளில் வரும் என்று கம்பெனிக்குக் கம்பெனி முறை வேறாக இருந்தது. அந்த நாட்களில் நமக்கு வந்த விளக்கங்களில் பெரும்பகுதி போனிலும் காணொலியிலும்தான் வந்தன. காகிதம் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டவர்கள் மறுநாளே இருப்பு எடுத்தார்கள். போனை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு வியாபாரம் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து மற்றவர்களுக்குப் போன் போட்டு, 'என்ன சொன்னார்கள், அண்ணாச்சி?' என்று கேட்டார்கள்.

ஆகவே நம் முதல் கருத்து இதுதான். காணொலிக் கூட்டமும் ஒரு கல்லாதான். அங்கே வார்த்தை வரவு வருகிறது. கவனமில்லாமல் கல்லாவில் உட்கார மாட்டோம் அல்லவா?

வர முடியாவிட்டால் சொல்லிவிடுவது மரியாதை

பலசரக்குக் கடைக்கு மாலை 6 மணி முதல் 9 மணி வரை உயிரான நேரம். அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் எந்த வியாபாரியாலும் முழு மனதோடு இருக்க முடியாது. ஆனாலும் 'சரி சார், வருகிறோம்' என்று சொல்லிவிட்டு, லிங்க்கைத் திறந்து, முகத்துக்குப் பதிலாக மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருப்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. பேசுகிறவருக்கும் இது மரியாதை அல்ல. எதிரில் நிற்கும் வாடிக்கையாளருக்கும் மரியாதை அல்ல. பை நீட்டிக்கொண்டு நிற்கும் அம்மாளை நிற்க வைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பதும், திரையில் பேசுகிறவரை விட்டுவிட்டு அந்த அம்மாளுக்குப் புளி நிறுப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

பகல் 2 மணி முதல் 4 மணி வரை பெரும்பாலான கடைகளில் கூட்டம் குறைவு. அந்த நேரத்தில் வையுங்கள் என்று கம்பெனிப் பிரதிநிதியிடம் தயங்காமல் கேட்கலாம். மாதத்தின் முதல் வாரத்திலும், பண்டிகைக்கு முந்தைய வாரத்திலும் வேண்டாம் என்றும் சொல்லலாம். நம் சரக்கை நம்பித்தான் அவர் சம்பளமும் இருக்கிறது. நியாயமாகக் கேட்டால் நேரத்தை மாற்றிக் கொடுப்பார். தனி ஒருவர் கேட்பதைவிட நாலு கடைக்காரர் சேர்ந்து கேட்டால் பலன் கூடும். அப்படியும் முடியாவிட்டால், 'இன்று இயலாது, பேசியதை எழுதி அனுப்புங்கள்' என்று முன்கூட்டியே செய்தி கொடுத்துவிட வேண்டும். அரைகுறையாக வருவதைவிட வரவில்லை என்று சொல்வது கௌரவம்.

வருவதென்றால் கல்லாவில் மகனையோ, நம்பிக்கையான கடைப் பையனையோ உட்கார வைத்துவிட்டு வர வேண்டும். நம் மொத்தக் கடையில், கூட்டம் நடக்கும்போது கிட்டங்கி அறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவோம். 'அரை மணி நேரம் யாரும் கூப்பிட வேண்டாம். லாரி வந்தால் மட்டும் சொல்லுங்கள்' என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் அந்த அரை மணியில் கடை ஒன்றும் நின்றுபோவதில்லை.

கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை

அந்தக் காலத்தில் வெளியூர் மண்டிக்கு ட்ரங்க் கால் போடுவோம். 3 நிமிடக் கணக்கில் காசு. லைன் கிடைக்கவே மணிக்கணக்கில் காத்திருப்போம். ஆகவே என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருப்போம்: என்ன ரகம், எத்தனை மூட்டை, என்ன விலை, எந்த லாரி ஷெட். லைன் கிடைத்ததும் சுற்றி வளைக்காமல் பேசி முடிப்போம். இன்று பேசுவதற்குக் காசு குறைந்துபோனதால் அந்தச் சீட்டு எழுதும் பழக்கமும் போய்விட்டது. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும். மற்ற ஏற்பாடுகள் வருமாறு:

1. கூட்டம் தொடங்க 10 நிமிடம் முன்பே போனில் சார்ஜ் இருக்கிறதா, நெட் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு மணி நேரக் காணொலிக்குச் சாதாரணமாக அரை ஜி.பி.க்குக் குறையாமல் செலவாகும். படத்தின் தெளிவு கூடினால் ஒரு ஜி.பி.யையும் தாண்டும். நாள் கணக்கில் டேட்டா போட்டிருப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

2. போனைக் கையில் பிடிக்கக் கூடாது. கை ஆடினால் படமும் ஆடும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். எடைக்கல் ஒன்றை அண்டக் கொடுத்து, ஒரு டப்பா மேல் கண் மட்டத்துக்கு நிறுத்தி வைத்தால் போதும்.

3. வெளிச்சம் நம் முகத்தில் விழ வேண்டும். கடை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் தெருவின் வெளிச்சத்தில் நம் முகம் கறுத்துப்போய், யாரென்றே தெரியாது. வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் முகம் தெளிவாகத் தெரியும்.

4. நம் பெயர் திரையில் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பல போன்களில் போன் கம்பெனியின் பெயரோ, பேரப்பிள்ளை விளையாட்டுக்கு வைத்த பெயரோ நிற்கும். பெயரும் கடைப் பெயரும் வருமாறு மாற்றி வைத்தால்தான் அழைப்பவர் மரியாதையாக அழைக்க முடியும். பிள்ளைகள் போட்டு வைத்திருக்கும் பொம்மை முகங்களையும் எடுத்துவிட வேண்டும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு வழக்கறிஞர் காணொலி நீதிமன்றத்தில் பூனைக்குட்டி முகத்தோடு தோன்றினார். அதை எடுக்கத் தெரியாமல், தாம் பூனை அல்ல என்று நீதிபதியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. உலகமே பார்த்துச் சிரித்தது.

5. நமக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பற்று எழுதிய பலகையும், கொள்முதல் விலை எழுதிய தாளும் பின்னால் தொங்கினால், கூட்டத்தில் இருக்கும் 50 பேரும் அதைப் படிப்பார்கள். அதில் நம் போட்டிக் கடைக்காரரும் இருப்பார்.

6. பனியனோடு கடையில் இருப்பது வெயில் காலத்தில் நமக்கு வழக்கம்தான். கூட்டத்துக்கு ஒரு சட்டை போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது.

கூட்டத்தில் இருக்கும்போது

உள்ளே வந்ததும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிட வேண்டும். பேசும்போது மட்டும் திறக்க வேண்டும். இது எல்லாவற்றிலும் முக்கியமானது. நம் கடைகளில் இப்போது யு.பி.ஐ. பணம் வந்தால் தொகையை உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது. மைக் திறந்திருந்தால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் கொடுத்த தொகை கூட்டம் முழுவதும் ஒலிக்கும். அதோடு நாம் பையனிடம், 'அவர் பழைய பாக்கியே 4,000 ரூபாய் நிற்கிறது, இனிமேல் கடன் கொடுக்காதே' என்று சொல்வதும் போய்விடும். கடன் வாங்கியவரின் மானம் நம் பேரேட்டுக்குள் இருக்க வேண்டியது. அது ஊர்க் கூட்டத்துக்குப் போனால் அந்த வாடிக்கையாளர் மறுபடி நம் படியேற மாட்டார். அவர் செய்வதும் நியாயமே.

ஒரே அறையில் இரண்டு போனில் ஒரே கூட்டத்தைத் திறந்தால் ஒன்றின் ஒலியை மற்றொன்று வாங்கி ஊளையிடும். அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் இருந்தால் ஒரு போன் போதும். இயர்போன் மாட்டிக்கொண்டால் நமக்கும் தெளிவாகக் கேட்கும்; கடைச் சத்தமும் குறைவாகப் போகும்.

காணொலியில் குரல் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தாமதித்துத்தான் போய்ச் சேரும். அதனால்தான் இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நின்று, மறுபடி இருவரும் தொடங்குகிறார்கள். ஒருவர் முடித்தபின் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுப் பேசினால் இந்த இடிபாடு வராது. பேச விரும்பினால் கை தூக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கலாம். கம்பெனிப் பிரதிநிதி நம் மகன் வயதுப் பையனாக இருந்தாலும் 'தம்பி, நிறுத்து' என்று இடைமறிப்பது அழகல்ல. டேமேஜ் சரக்குக்குக் கிளெய்ம் வரவில்லை என்ற கோபம் நமக்கு இருக்கும். அதற்கென ஒதுக்கிய நேரத்தில் பில் நம்பரையும் தேதியையும் சொல்லிக் கேட்டால் பதில் கிடைக்கும். 50 பேர் முன்னிலையில் சத்தம் போட்டால் பையன் தலை குனிவான். கிளெய்ம் மட்டும் வராது.

திருவள்ளுவர் அவையறிதல் என்று ஓர் அதிகாரமும், அதை அடுத்து அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். கூட்டத்தை அறிந்து பேசுவது முதலாவது. அறிந்தபின் பயப்படாமல் பேசுவது இரண்டாவது. பள்ளிப்படிப்போடு நின்றவர்கள் நம்மில் அதிகம். ஆங்கிலம் கலந்து பேசுகிற கூட்டத்தில் புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். தயக்கமே வேண்டாம். 'சார், தமிழில் ஒரு தடவை சொல்லுங்கள்' என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. புரியாமல் 'சரி' என்பதுதான் ஆபத்து. வியாபாரத்தில் 'சரி' என்ற சொல்லுக்கு விலை உண்டு.

மண்டியில் ஆர்டர் எடுக்கும்போது திருப்பிச் சொல்வது நம் பழைய வழக்கம்: 'நூறு மூட்டை, இன்ன ரகம், இன்ன விலை, திங்கட்கிழமை லோடு.' அதையே இங்கும் செய்ய வேண்டும். ஒரு தாளில் மூன்று கோடு போட்டு, என்ன சொன்னார்கள், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று எழுதிக்கொண்டே கேட்டால் கவனம் தானாக நிற்கும். கடைசியில் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லி, வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டால் பிற்பாடு பேச்சு மாறாது.

திரையைப் படம் பிடிப்பதும், பேச்சைப் பதிவு செய்வதும் எல்லோரையும் கேட்ட பிறகே செய்ய வேண்டும். கூட்டத்தில் சொன்ன விலையை வேறு குழுக்களுக்குத் தட்டிவிடுவது, ஒருவர் கடைக்குள் நுழைந்து அவர் கொள்முதல் பில்லைப் படம் எடுப்பது போன்றது.

களைப்பு ஏன் வருகிறது?

நேரில் மூன்று மணி நேரம் மண்டியில் நின்று பேசினால் வராத அலுப்பு, திரையில் ஒரு மணி நேரம் பேசினால் வருகிறது. இது சோம்பல் அல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில் இதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார். ஒன்று, எல்லா முகங்களும் மிக அருகில் வந்து நம்மையே பார்ப்பது போல் இருப்பது. இரண்டு, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. மூன்று, ஒரே இடத்தில் அசையாமல் உட்கார வேண்டியிருப்பது. நான்கு, தலையசைப்பு, கையசைப்பு முதலியவை சரியாகத் தெரியாததால் மனம் அதிகம் உழைக்க வேண்டியிருப்பது.

இதற்குச் சிறு வைத்தியங்கள் உண்டு. நம் படம் நமக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். முகங்களைச் சிறிதாக்கி வைக்கலாம். நீண்ட கூட்டமாக இருந்தால், சொல்லிவிட்டுச் சில நிமிடம் படத்தை அணைத்துக் காதால் மட்டும் கேட்கலாம். நாள் முழுவதும் நின்று பழகிய உடம்பு நம்முடையது; கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று கேட்டாலும் தவறில்லை. வேறு வேலை மட்டும் கூடாது. கூட்டம் நடக்கும்போது அதே போனில் வாட்ஸ்அப் பார்ப்பது, ஒரே தராசுத் தட்டில் இரண்டு சரக்கைக் கொட்டுவது போன்றது. எடை இரண்டும் தெரியாது.

வரி அலுவலக விசாரணை

இதுவரை சொன்னவற்றில் தவறினால் பணம் போகும். இங்கே தவறினால் வழக்கே போகும். மத்திய மறைமுக வரி வாரியம் 2020இல் நேர்முக விசாரணைகளைக் காணொலியில் நடத்த விதிமுறைகள் வெளியிட்டது. 2024 நவம்பரில் காணொலி முறையையே பொது முறையாக வலியுறுத்தி, நேரில் வர விரும்புவோர் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டு விதிமுறைகளில் நாம் அறிய வேண்டியவை மூன்று.

முதலாவது, ஆஜராகிறவர் தகுந்த உடையோடும், விசாரணைக்குரிய ஒழுங்கோடும் இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இரண்டாவது, நமக்காக ஆடிட்டரோ வழக்கறிஞரோ ஆஜரானால் அதற்கான அதிகாரப் பத்திரத்தையும் அடையாளச் சான்றையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். மூன்றாவதுதான் மிக முக்கியம். விசாரணையில் பேசியதைப் பதிவுக் குறிப்பாக எழுதி நம் மின்னஞ்சலுக்கு அனுப்புவார்கள். அதில் நாம் சொன்னதற்கு மாறாக ஏதேனும் இருந்தால் திருத்தி, கையெழுத்திட்டு, 3 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்தக் குறிப்பை நாம் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

இதை எண்ணிப் பாருங்கள். விசாரணை நேரத்தில் கடையில் கவனம் போய் ஒரு கேள்விக்கு 'ஆமாம் சார்' என்று சொல்லிவிட்டோம். மின்னஞ்சல் பையன் போனில் இருக்கிறது, அவன் பார்க்கவில்லை. 3 நாள் முடிந்தது. அந்த 'ஆமாம்' நம் வாக்குமூலமாகிவிட்டது. ஆகவே விசாரணை நாளில் ஆடிட்டர் அலுவலகத்துக்கே போய் உட்காருவது நல்லது. சம்பந்தப்பட்ட பில்கள், கொள்முதல் பேரேடு, நாம் அனுப்பிய பதில்கள் எல்லாம் வரிசையாக மேசை மேல் இருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது, பார்த்து எழுத்தில் தருகிறோம் என்று சொல்ல வேண்டும். அடுத்த 3 நாளும் காலை மாலை மின்னஞ்சலைப் பார்க்க வேண்டும். மாநில வரி அலுவலகத்திலிருந்து வரும் நோட்டீஸில் என்ன முறை குறிப்பிட்டிருக்கிறதோ அதைத் தனியே படித்துக்கொள்ள வேண்டும்.

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றச் செய்திகளே சாட்சி. 2025 ஜூனில் குஜராத் உயர்நீதிமன்றத்தின் காணொலி விசாரணையில் ஒருவர் கழிப்பறையில் இருந்தபடி கலந்துகொண்டார். அவர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வந்தது. திரை சிறியதாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் மன்றம் சிறியதல்ல.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு

சங்கப் பொறுப்பாளர்களும் மொத்த வியாபாரிகளும் கூட்டம் கூட்டுகிற இடத்தில் இருக்கிறோம். நமக்கும் மரியாதை முறைகள் உண்டு. என்ன பேசப் போகிறோம் என்பதை முதல் நாளே நாலு வரியில் அனுப்ப வேண்டும். சொன்ன நேரத்தில் தொடங்க வேண்டும். தாமதமாக வருகிறவருக்காக நேரத்துக்கு வந்தவரைக் காக்க வைப்பது நேரத்துக்கு வந்ததற்குக் கொடுக்கும் தண்டனை. காசில்லாமல் பயன்படுத்தினால் ஜூமில் ஒரு கூட்டத்துக்கு 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ சேரும் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று எல்லை இருக்கிறது. வாட்ஸ்அப் காணொலியில் 32 பேர் வரை சேரலாம். இந்த எல்லைகள் நமக்கு நன்மையே. 40 நிமிடத்தில் முடிக்க முடியாத விஷயத்துக்கு நேரில் கூடுவதே மேல்.

தலைமை ஏற்பவர் பெயர் சொல்லி ஒவ்வொருவராகப் பேச அழைக்க வேண்டும். யார் தலைமை, யார் கூட்டத்தைத் திறந்து மூடுகிறவர் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் மன்றக் குழு 2020 டிசம்பரில் காணொலியில் கூடியபோது இது முடிவாகாமல், தலைவர் ஒருபுறம் கத்த, கூட்டத்தை நடத்த வந்த அம்மையார் அவரையே வெளியேற்ற, பெரிய ரகளையாயிற்று. 2021 பிப்ரவரியில் அந்தப் பதிவு உலகம் முழுவதும் பரவியது. ஊர் விஷயம் பேசக் கூடியவர்கள் ஊருக்கு வேடிக்கையாகிப் போனார்கள்.

முடிவில் தீர்மானித்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அன்றே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். பெரிய எழுத்துப் போன் இல்லாதவரும், காது மந்தமான பெரியவரும் நம் சங்கத்தில் உண்டு. அவர்களுக்கு யாராவது ஒருவர் போனில் சொல்லிவிட வேண்டும்.

மரியாதை தேவைப்படாத இடம்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. காவல்துறை, சுங்கத்துறை என்று சொல்லிக்கொண்டு சீருடையோடு காணொலியில் தோன்றி, 'உங்களைக் கைது செய்திருக்கிறோம், போனை வைக்கக் கூடாது, பணம் அனுப்புங்கள்' என்று மிரட்டுகிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. டிஜிட்டல் கைது என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது என்று 2024 அக்டோபர் 27ஆம் தேதி பிரதமர் வானொலி உரையில் நாட்டு மக்களுக்குச் சொன்னார். வரி விசாரணைக்கு நோட்டீஸ் முன்பே வரும், தேதி இருக்கும், ஆடிட்டருக்குத் தெரியும். திடீரென்று வந்து பயமுறுத்தும் அழைப்பில் கண்ணியம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உடனே துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குப் புகார் கொடுக்க வேண்டும். மரியாதை என்பது மரியாதைக்குரியவருக்கு.

வணிகப் பெருமக்களே! தராசில் முள் நடுவில் நிற்கும் வரை கண் எடுக்காத தொழில் நம்முடையது. வாடிக்கையாளர் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுத்தான் நாம் கடை வளர்த்தோம். அந்தக் கண்ணும் அந்தப் பொறுமையும் புதிதாகக் கற்க வேண்டியவை அல்ல, நம்மிடம் உள்ளவைதாம். அடுத்த கூட்டத்துக்கு லிங்க் வரும்போது ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரத்துக்குக் கல்லாவில் ஒரு ஆள் என்ற மூன்றையும் முதலில் ஏற்பாடு செய்துகொண்டு உட்காருவோம்.

வாழ்க வணிகம்! வளர்க வணிகர் ஒற்றுமை!